சரக்கா, தராசா?

(மதுரையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் தந்தையார் மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு வற்றல் மண்டியில் கணக்கு எழுதியவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், இராமநாதபுரம் பக்கமிருந்து குண்டு வற்றல் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. மூட்டைகளை எண்ணி, மூட்டைக்கு இத்தனை கிலோ என்று பெருக்கினால் ஒரு கணக்கு வந்தது. எடைமேடைச் சீட்டோ நான்கு குவிண்டால் கூடுதலாகக் காட்டியது. மண்டி முதலாளி, "மூட்டைக்குள்ள நம்ம கண்ணுக்குத் தெரியாம என்னமோ இருக்கு" என்றார். லாரிக்காரர், "எடைமேடையிலதான் கோளாறு" என்றார். இரண்டு பேரும் அடித்துப் பேசினார்கள். என் தந்தையார் எந்தப் பக்கமும் சேராமல் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த லாரி இப்போதைக்கு எடைமேடை மேலேயே நிற்கட்டும். பிறகு அதனிடம் திரும்பி வருகிறேன். அண்டவியலில் தொண்ணூறு ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கும் ஏறக்குறைய இதுதான். கண்ணுக்கும் கருவிக்கும் தெரிகிற பொருளையெல்லாம் எண்ணினால் ஒரு கணக்கு வருகிறது. ஈர்ப்பு விசையைக் கொண்டு எடை போட்டால் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு வருகிறது. நமக்குத் தெரியாத சரக்கு ஏதோ இருக்கிறதா, இல்லை, நாம் எடை போடுகிற தராசாகிய ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமா? இன்று நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

வானத்தில் இருப்பதை எப்படி எடை போடுவது என்று மாணவர்கள் கேட்பீர்கள். சித்திரைப் பொருட்காட்சிக்குத் தமுக்கம் மைதானம் போனவர்கள் சங்கிலி ராட்டினத்தில் ஏறியிருப்பீர்கள். ராட்டினம் வேகம் எடுக்க எடுக்கச் சங்கிலி இறுகும். உட்கார்ந்திருப்பவர் வெளியே பறந்துவிடாமல் பிடித்துவைத்திருப்பது அந்தச் சங்கிலி. சுற்றுகிற வேகமும் வட்டத்தின் ஆரமும் தெரிந்துவிட்டால் சங்கிலி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். சங்கிலியைப் பார்க்கவே வேண்டாம். கோள்களுக்கும் விண்மீன்களுக்கும் சங்கிலி ஈர்ப்பு விசை. சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றும் புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பூமி 30 கிலோமீட்டர். கடைக்கோடியில் இருக்கும் நெப்டியூன் 5.4 கிலோமீட்டர்தான். எடை முழுவதும் நடுவில் சூரியனில் குவிந்திருப்பதால், விலக விலகச் சங்கிலி தளர்கிறது, வேகம் குறைகிறது.

ஒரு கேலக்ஸியிலும் ஒளி நடுவில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே விளிம்பில் இருக்கும் விண்மீன்கள் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். 1970-ல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்க வானியலாளர்கள் நமக்குப் பக்கத்து வீடான ஆண்ட்ரோமிடா கேலக்ஸியை அளந்து வெளியிட்டார்கள். விளிம்பை நோக்கிப் போகப் போக வேகம் விழும் என்று எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை. 1980-க்குள் ரூபின் குழு 21 சுருள் கேலக்ஸிகளை அளந்து முடித்தது. எங்கேயும் வேகம் எதிர்பார்த்தபடி விழவில்லை. இதற்கு நடுவில் 1978-ல் வானியலாளர் ஆல்பர்ட் போஸ்மா, விண்மீன்கள் தீர்ந்துபோன இடத்துக்கும் அப்பால் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் வாயுவின் ரேடியோ அலைகளைப் பிடித்துப் பார்த்தார். ஒளியே இல்லாத அந்த வெளியிலும் வேகம் அப்படியே நின்றது. தமுக்கம் ராட்டினத்தைவிட இரண்டு மடங்கு பெரிய வட்டத்தில் ஒருவர் அதே வேகத்தில் சுற்றுகிறார், அவரைப் பிடித்திருக்கும் சங்கிலி மட்டும் கண்ணில் படவில்லை என்றால் நம் மனம் எப்படித் தவிக்கும்? அந்தத் தவிப்புதான் வானியலாளர்களுக்கும்.

ரூபினுக்கு முன்பே, 1933-ல், வானியலாளர் ஃபிரிட்ஸ் ஜ்விக்கி கோமா என்ற கேலக்ஸிக் கூட்டத்தைப் பார்த்து இதையே சொன்னார். அங்கே ஒவ்வொரு கேலக்ஸியும் ஓடுகிற ஓட்டத்துக்கு அந்தக் கூட்டம் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். பிடித்துவைக்கும் பொருள் தெரிகிற பொருளைப்போலப் பல நூறு மடங்கு வேண்டும் என்று கணக்கிட்டார். பிற்காலத்தில் தொலைவுகளைத் திருத்தி, கேலக்ஸிகளுக்கு இடையில் கிடந்த சூடான வாயுவையும் எக்ஸ்ரே தொலைநோக்கிகளால் கண்டு கணக்கில் சேர்த்தபோது அந்த மடங்கு பெரிதும் குறைந்தது. குறைந்தாலும் பற்று வரவு நேராகவில்லை.

இந்தத் தெரியாத சரக்குக்குத் தமிழில் கரும்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறோம். இலக்கணம் படித்தவர்கள் கருப்பொருளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்தப் பெயரில் முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு என்பது ஒளியை விழுங்குவது. நாம் தேடுகிற பொருள் ஒளியை விழுங்குவதும் இல்லை, வீசுவதும் இல்லை. ஒளி அதன் ஊடே ஒன்றுமே இல்லாததுபோல் போய்விடுகிறது. காணாப் பொருள் என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். பழகிய பெயரை மாற்றுவது கடினம் என்பதால் நானும் கரும்பொருள் என்றே சொல்கிறேன்.

சரக்கா, தராசா என்ற கேள்வி வானியலுக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் யுரேனஸ் கோள் கணக்குப்படி ஓடவில்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெவெரியே, வெளியே இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று கணக்கிட்டு, அது இருக்கும் இடத்தையும் எழுதி அனுப்பினார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். நெப்டியூன் ஏறக்குறைய அவர் சொன்ன இடத்தில் இருந்தது. அங்கே சரக்குதான் விடை. அதே லெவெரியே புதனின் பாதையிலும் ஒரு சிறு பிசகைக் கண்டார். பிற்பாடு திருத்திய அளவுப்படி நூறு ஆண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையில் 3,600 விகலை என்றால், அந்தப் பிசகு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அதற்கும் மறைந்திருக்கும் கோள் ஒன்றைக் காரணம் சொல்லி, வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பல பேர் தேடினார்கள். வல்கன் கிடைக்கவில்லை, கிடைக்கவும் செய்யாது. 1915-ல் ஐன்ஸ்டீனின் புதிய ஈர்ப்புக் கொள்கை அந்த 43 விகலையை அப்படியே தந்தது. அங்கே தராசுதான் கோளாறு. ஒரே மனிதர், ஒரே வழி, ஒன்றில் வென்றார், மற்றதில் தோற்றார். ஆகவே எந்தக் கட்சி எடுப்பது என்பதை ரசனையால் தீர்மானிக்க முடியாது. அளந்துதான் தீர வேண்டும்.

அந்தப் புதிய தராசைச் சோதிக்கும் வேலையில் நம் பக்கத்து மலைக்கும் பங்கு உண்டு. கொடைக்கானல் வான் ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் நம் மாணவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். அங்கே ஜான் எவர்ஷெட் என்பவர் சூரிய ஒளியைப் பிரித்து அதன் கோடுகளை ஆண்டுக்கணக்கில் அளந்தார். சூரியனின் ஈர்ப்பிலிருந்து ஒளி ஏறி வெளியே வரும்போது அதன் அலைநீளம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நீளும் என்பது ஐன்ஸ்டீன் கணிப்பு. எவர்ஷெட்டுக்கும் கோடுகள் நகர்ந்திருப்பது தெரிந்தது. காரணம்தான் உறுதியாகவில்லை. நாம் சூரியனின் நம் பக்க முகத்தை மட்டுமே பார்க்கிறோம், அதனால் ஏமாறுகிறோமோ என்று ஐயப்பட்டார். மறுபக்க முகத்தை எப்படிப் பார்ப்பது? வெள்ளிக் கோளைக் கண்ணாடியாக்கினார். வெள்ளி சூரியனின் வேறொரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் மேல் பட்டுத் திரும்பி வரும் வெயிலைப் பிடித்து அளந்தார்! பழனி மலைத்தொடரில் உட்கார்ந்துகொண்டு சூரியனின் முதுகைப் பார்க்க வழி கண்ட அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. 1922 செப்டம்பர் 21-ன் முழுச் சூரிய கிரகணத்துக்கு ஆஸ்திரேலியாவின் வால்லல் கடற்கரைக்கும் கருவிகளோடு போனார். கருவி ஒத்துழைக்காததால் பயன்தரும் படம் கிடைக்கவில்லை. அதே கரையில் முகாமிட்ட அமெரிக்கக் குழுவுக்குக் கிடைத்தது, ஐன்ஸ்டீன் சொன்னபடியே விண்மீன் ஒளி வளைந்திருந்தது. எவர்ஷெட்டும் பிற்பாடு ஐன்ஸ்டீன் பக்கம் வந்தார். முதலில் ஐயப்பட்டு, ஐயத்தைத் தீர்க்க வழி தேடி, அளவு சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது கதை ஒன்று இருக்கிறது. அதுதான் நம்மைத் தேனி வரை கூட்டிக்கொண்டு போகும். 1920-களில் சில அணுக்கருக்கள் சிதையும்போது ஆற்றல் கணக்கு உதைத்தது. போனதைவிட வந்தது குறைவு. இயற்பியலாளர் நீல்ஸ் போர், ஆற்றல் அழிவதில்லை என்ற விதியையே தளர்த்தலாமா என்று யோசித்தார். அது தராசுக் கட்சி. 1930-ல் வோல்ஃப்காங் பவுலி, நம் கண்ணில் படாத ஒரு துகள் அந்த ஆற்றலைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றார். இது சரக்குக் கட்சி. அந்தத் துகளை எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாதோ என்று பவுலியே கவலைப்பட்டார். 26 ஆண்டு கழித்து, 1956-ல், அணு உலைக்குப் பக்கத்தில் அது பிடிபட்டது. அதுதான் நியூட்ரினோ.

இனி தராசுக் கட்சியின் இன்றைய வாதத்தைக் கேட்போம். அதை நேர்மையாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. 1983-ல் இஸ்ரேலைச் சேர்ந்த மோர்தெகாய் மில்க்ரோம் மூன்று கட்டுரைகள் எழுதினார். முடுக்கம் ஓர் எல்லைக்குக் கீழே போகும்போது நியூட்டன் விதி மாறிவிடுகிறது என்றார். அந்த எல்லை, வினாடிக்கு வினாடி 1.2 மீட்டரை ஆயிரம் கோடியால் வகுத்த அளவு. காகிதத்தில் இது வெறும் எண். மதுரைக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். திருமலை நாயக்கர் 1636-ல் மகாலைக் கட்டிய அன்று அதன் வாசலிலிருந்து ஒரு வண்டி இந்த முடுக்கத்தில் புறப்பட்டிருந்தால், இடைவிடாமல் வேகம் கூடிக்கூடி இன்றைக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். நாம் கடைவீதியில் கைவீசி நடக்கிற வேகம். அவ்வளவு மெல்லிய இழுப்பு. பூமி நம்மை இழுப்பது அதைப்போல சுமார் 8,000 கோடி மடங்கு. ஆகவே ஆய்வகத்திலோ சூரியக் குடும்பத்திலோ இந்த மாற்றம் தெரியாமல் போனதில் வியப்பில்லை. கேலக்ஸிகளின் விளிம்பில்தான் இழுப்பு இவ்வளவு மெலிகிறது. நம் சூரியன் பால்வெளி மண்டலத்தின் நடுவைச் சுற்றுகிற முடுக்கமே இந்த எல்லைக்கு இரண்டு மடங்குக்குள்தான் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

இந்த ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மில்க்ரோமின் விதி கேலக்ஸி கேலக்ஸியாக வேகத்தைச் சரியாகச் சொல்கிறது. தெரிகிற விண்மீனையும் வாயுவையும் மட்டும் கொடுத்தால் போதும். 2016-ல் ஸ்டேசி மெக்கா குழுவினர் 153 கேலக்ஸிகளில் ஏறக்குறைய 2,700 இடங்களில் அளந்த முடுக்கங்களை ஒரே படத்தில் போட்டுக் காட்டினார்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் ஒழுங்காக அணிவகுத்து நின்றன. தெரிகிற பொருள் எங்கே எவ்வளவு என்று சொன்னால் மொத்த இழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கரும்பொருள் ஐந்து மடங்கு இருந்து அதுதான் ஆட்சி செய்கிறது என்றால், சிறுபான்மையான தெரிகிற பொருளுக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பட்டு நடக்கிறது? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கும் சரக்குக் கட்சிக்காரரை நான் மதிக்கமாட்டேன்.

இந்த இடத்தில் நம் சந்திரசேகரும் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற அதே சுப்ரமணியன் சந்திரசேகர்தான். அவர் கண்ட வெண்குறு விண்மீன்களின் எடை வரம்பைப் பற்றி எல்லாரும் பேசுவோம். 1943-ல் அவர் எழுதிய இன்னொன்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வைகையில் அழகர் இறங்கும்போது பார்த்திருக்கிறீர்களா? அவர் கடந்து வந்த இடத்தில் கூட்டம் நாலாபக்கமிருந்தும் வந்து குவியும். அந்தக் குவியலின் ஈர்ப்பு அவரைப் பின்னாலிருந்து இழுப்பதுபோல் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கனத்த பொருள் சின்னச் சின்னப் பொருள்களின் கூட்டத்தினூடே நகரும்போது, அதன் ஈர்ப்பால் அவை அதற்குப் பின்னால் குவிந்து, அதை இழுத்து நிறுத்தப் பார்க்கும். உரசலே இல்லாத உராய்வு. சந்திரசேகர் இதற்குக் கணக்கு எழுதினார். அவர் மனதில் இருந்தவை விண்மீன்கள். ஆனால் கரும்பொருள் உண்மையாகவே துகள்களின் கூட்டமென்றால் அதற்கும் இந்தக் கணக்குப் பொருந்தியாக வேண்டும். வெறும் விதித் திருத்தமென்றால் பின்னால் குவிய அங்கே கூட்டம் கிடையாது. பல கேலக்ஸிகளின் நடுவில் பட்டைபோல விண்மீன்கள் சேர்ந்து சுழல்கின்றன. அடர்ந்த கரும்பொருளுக்குள் அந்தப் பட்டைகள் வேகம் இழந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தால் பல பட்டைகள் இன்னும் வேகமாகவே சுழல்கின்றன. இது சரக்குக் கட்சிக்கு நெருடலான சாட்சி. இன்றுவரை வாதம் ஓயவில்லை. எண்பது ஆண்டுக்கு முன் ஒரு தமிழர் எழுதிய சமன்பாடு இந்த வழக்கின் நடுவில் நிற்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

மறுபக்கத்தின் சாட்சிகள் எண்ணிக்கையிலும் கனத்திலும் கூடுதல். இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள் மோதிக் கடந்துபோன இடம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கிக் குண்டு போன்ற உருவம் என்பதால் புல்லட் கூட்டம் என்பார்கள். அங்கே தெரிகிற பொருளில் பெரும்பகுதி சூடான வாயு. மோதலில் வாயு ஒன்றோடொன்று உரசி நடுவிலேயே தேங்கிவிட்டது. பின்னாலிருந்து வரும் ஒளி எங்கே வளைகிறது என்று பார்த்து எடையைத் தேடினால், எடை வாயு இருக்கும் இடத்தில் இல்லை. உரசாமல் கடந்துபோன கேலக்ஸிகளோடு இரண்டு பக்கமும் விலகி நிற்கிறது. 2006-ல் இது வெளிவந்தது. தராசு பிழை என்றால் கூடுதல் எடை சரக்கு இருக்கும் இடத்தில்தானே காட்ட வேண்டும்? சரக்கு இல்லாத இடத்தில் எடை காட்டினால் அங்கே வேறு சரக்கு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேலக்ஸிக் கூட்டங்களில் மில்க்ரோமின் விதியைப் போட்டாலும் எடை முழுதாக நேராவதில்லை என்பதை அவர் தரப்பினரே ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, அண்டத்தின் பிள்ளைப் பருவத்துப் படம். பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டுக்குப் பிறகு வெளியேறிய ஒளி இன்று நுண்ணலையாக நம்மை வந்து அடைகிறது. அதில் இடத்துக்கு இடம் ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்குதான். அன்று முதல் அண்டம் ஏறக்குறைய 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. சாதாரணப் பொருள் மட்டும் இருந்திருந்தால் அந்த ஏற்றத்தாழ்வும் ஏறக்குறைய அதே மடங்குதான் வளர்ந்திருக்கும். லட்சத்தில் ஒன்றை ஆயிரத்தால் பெருக்குங்கள். நூற்றில் ஒரு பங்கு. நூற்றில் ஒரு பங்கு மேடுபள்ளத்தில் கேலக்ஸி உருவாகாது, சூரியன் உருவாகாது, மதுரையும் இல்லை, நாமும் இல்லை. ஒளியோடு ஒட்டாத ஒரு பொருள் அதற்கும் முன்பே குவியத் தொடங்கிப் பள்ளம் வெட்டி வைத்திருந்ததால்தான், சாதாரணப் பொருள் பிற்பாடு அதில் போய் விழுந்தது. பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தபடி அண்டத்தின் மொத்தக் கணக்கில் நாம் அறிந்த பொருள் 5 விழுக்காடு, கரும்பொருள் ஏறக்குறைய 27, மிச்சம் இருண்ட ஆற்றல். 2021-ல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் என்ற இருவர் மில்க்ரோம் வழியிலேயே இந்த நுண்ணலைப் படத்தையும் விளக்கும் ஒரு கொள்கையை எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அது பெரிய சாதனை. ஆனால் அதற்காக அவர்கள் அண்டம் முழுவதும் பரவிய புதிய புலம் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது, தொடக்க காலத்தில் அந்தப் புலம் கரும்பொருளைப் போலவே நடந்துகொள்கிறது. தராசைத் திருத்தப் போனவர்களும் கொஞ்சம் சரக்கை ஏற்ற வேண்டி வந்திருக்கிறது.

2017 ஆகஸ்ட் 17-ஐயும் சொல்ல வேண்டும். 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பலையும் காமாக் கதிரும் அத்தனை தூரம் ஓடி வந்து, 1.7 வினாடி வித்தியாசத்தில் பூமியைத் தொட்டன. ஒளியும் ஈர்ப்பும் வேறு வேறு வேகத்தில் போகும் என்று சொன்ன பல திருத்தக் கொள்கைகள் அன்றோடு முடிந்தன. மில்க்ரோம் வழியில் பெக்கன்ஸ்டைன் 2004-ல் எழுதிய புகழ்பெற்ற கொள்கையின் மூல வடிவமும் அவற்றில் ஒன்று.

இப்போது அந்த லாரியிடம் வருகிறேன். என் தந்தையார் சரக்கை இறக்கச் சொல்லி, வெறும் லாரியை அதே எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார். சரியாக இருந்தது. சரக்கோடு வேறொரு எடைமேடைக்கு அனுப்பினார். அங்கேயும் அதே எடை. அதற்குப் பிறகுதான் அடிவரிசை மூட்டை ஒன்றைப் பிரித்து முழங்கை வரை உள்ளே விட்டார். கையை வெளியே எடுத்தபோது வற்றல் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முந்திய இரவு வழியில் பெய்த மழை தார்ப்பாயின் கிழிசல் வழியாக இறங்கியிருந்தது. நான்கு குவிண்டாலும் தண்ணீர்.

கரும்பொருள் வழக்கில் நாம் அவர் செய்ததில் பாதி தூரம் வந்திருக்கிறோம். கேலக்ஸியின் சுழற்சி, வளையும் ஒளி, சூடான வாயு, நுண்ணலைப் படம் என்று வேறு வேறு எடைமேடைகளில் ஏற்றிவிட்டோம். எல்லாம் ஒத்த எடையைச் சொல்கின்றன. ஆனால் அத்தனை எடைமேடையும் ஒரே பட்டறையில் செய்தவை. எல்லாமே ஈர்ப்பு விசையை நம்பித்தான் எடை சொல்கின்றன. மூட்டைக்குள் விட்ட கைக்கு இன்னும் ஈரம் தட்டுப்படவில்லை. மில்க்ரோம் தரப்பின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

கை விட்டுப் பார்க்கும் வேலை பூமிக்கு அடியில் நடக்கிறது. நம் பக்கத்தில் கரும்பொருளின் அடர்த்தியை வானியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பூமியளவுள்ள இடத்தில் இருக்கும் கரும்பொருள் மொத்தம் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ. இந்த உருண்டை முழுவதற்கும் ஒரு படி அரிசிகூடத் தேறாது. அதைத் தேடும்போது வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்கள் குறுக்கிடுகின்றன. உள்ளங்கையை நீட்டினால் வினாடிக்கு ஒன்றாவது துளைத்துக்கொண்டு போகும். அந்த இரைச்சலை வடிகட்ட மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையாவது வேண்டும். அமெரிக்காவில் பழைய தங்கச் சுரங்கத்திலும் இத்தாலியில் மலைக்கு அடியிலும் டன் கணக்கில் திரவ செனான் வைத்துக் காத்திருக்கிறார்கள். ஐயத்துக்கிடமில்லாமல் ஒரு துகள்கூட இன்றுவரை சிக்கவில்லை.

இந்த ஆழத்து வேலையில் இந்தியா முன்னோடி. கோலார் தங்கச் சுரங்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய ஆழத்தில், 1965-ல் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோரின் குழு, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டது. உலகில் அதை முதலில் கண்டவர்களில் அவர்கள் இருக்கிறார்கள். 1973-ல் இயற்பியலாளர்கள் ராமநாத் கௌசிக்கும் மெக்லெலண்டும், நியூட்ரினோவுக்குச் சிறிது எடை இருந்தால் கேலக்ஸிக் கூட்டங்களைக் கட்டிவைத்திருக்கும் காணாப் பொருள் அதுவாகவே இருக்கலாம் என்று எழுதினார்கள். கரும்பொருளுக்கு ஒரு துகளின் பெயரைச் சொன்ன முதல் யோசனைகளில் அது ஒன்று. நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்பது 1998-ல் நிரூபணமாயிற்று. ஆனால் அந்த எடை போதவில்லை. அதன் ஓட்டமும் அதிகம், கேலக்ஸிகளைத் திரள விடாது. விடை தவறினாலும் வழி சரி. ஒரு துகளைப் பெயர் சொல்லி நிறுத்தி, அண்டத்தையே தராசாக்கி அதை நிறுக்கலாம் என்று காட்டிய கட்டுரை அது.

அந்தக் கோலார் மரபு தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஒரு நியூட்ரினோ ஆய்வகமாகத் தொடர்வதாக இருந்தது. அம்பரப்பர் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, 50,000 டன்னுக்கு மேல் காந்த இரும்பு, மதுரையில் அதற்கான ஆய்வு மையம். அதே குகையில் கரும்பொருளைத் தேடும் கருவியையும் வைக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. 2015 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2018-ல் சுற்றுச்சூழல் அனுமதி மறுபடி கிடைத்தது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. மலை இன்னும் அப்படியே நிற்கிறது. இதைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நியூட்ரினோவால் ஒருவருக்கும் தீங்கில்லை. இந்த நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலைக் கடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் மக்கள் கேட்ட மற்றக் கேள்விகள் நியாயமானவை. பாறைக்கு வெடி வைத்தால் ஊற்று என்னவாகும், ஆடு மாடு மேய்க்க மலைப்பக்கம் விடுவார்களா, மதிகெட்டான் சோலைக்கும் அதை ஒட்டிய காட்டுக்கும் என்ன பதில்? இவற்றுக்கு முதல் நாளிலேயே, ஊர் மந்தையில் உட்கார்ந்து, தமிழில், எண்ணோடு பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதில் காலம் கடந்து போய்ச் சேர்ந்தது. இயற்பியல் படித்த எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு, எனக்கும் சேர்த்துத்தான், இதில் பொறுப்பு உண்டு. நாங்கள் தமிழில் பேசியிருக்க வேண்டியது எவ்வளவோ.

மற்ற இடங்களில் வேலை நடக்கிறது. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், 2017 முதல் ஓர் ஆய்வகம் இயங்குகிறது. கரும்பொருள் தேடல் அங்கே நடக்கிறது. நம் மதுரையிலேயே, பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட பெரிய கருவியின் 85 டன் மாதிரி ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. இரும்புப் பலகைகளுக்கு இடையில் கண்ணாடித் தகடுகள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான வோல்ட். மியூவான் ஒன்று கடந்தால் அந்த இடத்தில் மின்துடிப்பு ஒன்று எழும். அடுக்கடுக்காக எழும் துடிப்புகளைச் சேர்த்தால் துகள் வந்த பாதை தெரிந்துவிடும்.

என் தீர்ப்பைக் கேட்பீர்கள். கரும்பொருள் இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். புல்லட் கூட்டமும் நுண்ணலைப் படமும் என்னை அந்தப் பக்கம் சாய்க்கின்றன. அதே சமயம் மில்க்ரோம் கண்ட ஒழுங்கு மாயை அல்ல. அந்த மெல்லிய முடுக்கத்தில் எல்லாக் கேலக்ஸிகளும் ஏன் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று சொல்லாத எந்தக் கரும்பொருள் கொள்கையும் முழுமை பெறாது. என் சாய்வு தவறாகவும் இருக்கலாம். லெவெரியே இரண்டாவது முறை தவறினார், அவர் என்னைவிட மிகப் பெரிய அறிஞர்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பார்க் என்ற பெயரில் 175 கேலக்ஸிகளின் சுழற்சி அளவுகளை 2016-ல் பொதுவில் வைத்துவிட்டார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. அதிலிருந்து என்.ஜி.சி. 3198 என்ற கேலக்ஸியை எடுங்கள். பாடநூல்களில் எல்லாம் வரும் பெயர், வேகம் வினாடிக்கு 150 கிலோமீட்டரில் தட்டையாக நிற்கும். தெரிகிற விண்மீனையும் வாயுவையும் வைத்து வேகம் எவ்வளவு வர வேண்டும் என்று ஒரு கோடு போடுங்கள். அளந்த வேகத்துக்கு இன்னொரு கோடு. பிறகு கரும்பொருளைச் சேர்த்து ஒரு முறை, மில்க்ரோமின் விதிப்படி ஒரு முறை. பட்டப்படிப்பு இயற்பியலும் ஒரு சாதாரணக் கணினியும் போதும், ஒரு வாரத்தில் முடியும். முடித்துவிட்டு வாருங்கள். எந்தக் கோடு உங்களுக்குப் பொருந்தியது, எங்கே இடித்தது என்று தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள். நான் உட்கார்ந்து வரிக்கு வரி படிக்கிறேன்.